இரண்டு மட்ஃபிளாப்பும் ஒரு மைல் தூரமும்

சரளைக்கல் தெறிப்பதைப் பற்றி ஓரின் ஹௌக்ஸ்டாடுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. மொன்டானாவில் முப்பத்தொரு வருடம் கிரேடர் ஓட்டி, சரளைச் சாலைகளைச் சீவிச் சமப்படுத்தியவன். வேகமாகப் போகிறவர்களை எல்லாம் கிரேடரின் உயரத்திலிருந்து திட்டியே பெயர் வாங்கியவன். அதனால் போன ஜூலையில், வருடாவருடம் போல ஏரிக்கரையில் தங்கப் போகும் வழியில், அவனுடைய பிக்கப் இழுத்துப்போன டிரெய்லர் வீட்டின் சக்கரத்திலிருந்து ஒரு கல் பறந்து, பின்னால் வந்த மைத்துனன் டெல்மரின் வண்டிக் கண்ணாடியில் அடித்தபோது, ஓரின் இறங்கி வந்து பார்த்து நிபுணன் மாதிரித் தீர்ப்புச் சொன்னான்.

"நீ ரொம்பக் கிட்ட வந்துட்டே, டெல்மர்."

டெல்மர் கண்ணாடியைப் பார்த்தான். விரிசல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியிருந்தது.

"பரவாயில்ல," என்றான்.

அந்தப் பக்கத்து ஆண்கள் 'பரவாயில்ல' என்றால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு டெல்மர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஒரு வாரம் வேலி அறுந்தது, ஒரு வாரம் முதுகு பிடித்துக்கொண்டது, ஒரு வாரம் நாய்க்கு உடம்பு சரியில்லை. ஓரினின் மனைவி லூவானுக்கு அவன் ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவன். நவம்பரில் நன்றிகூறல் நாள் விருந்தன்றும் அவனுக்கு வைத்த தட்டு அப்படியே இருந்தது. சண்டை போட்டவனைச் சமாதானம் பண்ணலாம். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனவனை என்ன செய்வது?

மே மாதக் கடைசியில் லூவான் சொன்னாள். "இந்த வருஷம் ஏரிக்கு அவன் வரலேன்னா நானும் வரல."

"அவன்தான் வரமாட்டேங்கிறான். நான் என்ன பண்ண?"

"அவன்கிட்டப் பேசு."

ஓரின் எழுந்து கொட்டகைக்குப் போய் டிரில்லைத் தேடினான்.

சக்கரத்துக்குப் பின்னால் தொங்கி, தெறிக்கிற கல்லைத் தடுக்கும் மட்ஃபிளாப் இரண்டு செய்வது என்று முடிவு. ஜல்லிக் குவாரியில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் ஒரு துண்டு கிடைத்தது. அரை அங்குலக் கனம். கத்தி இரண்டு உடைந்தது. அறுக்கும் இயந்திரத்தை வைத்தபோது ரப்பர் புகைந்து, பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். டிரெய்லரின் அடிச்சட்டத்தில் ஆங்கிள் இரும்பைப் பொருத்தி, பக்கத்துக்கு நாலு போல்ட், பெரிய வாஷர் போட்டு முறுக்கினான். தரைக்கும் ரப்பருக்கும் நடுவில் மூன்றே அங்குலம். கல் என்ன, எறும்பு எகிறினாலும் ரப்பரில்தான் முட்டும் என்று அவனுக்கே ஒரு பெருமை.

லூவான் காபி கொண்டுவந்தாள். குனிந்து பார்த்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"வார்த்த காத்தோட போயிடும். இது நிக்கும்."

அன்று மாலை அவள் தம்பிக்குப் போன் செய்தாள். ஓரின் மட்ஃபிளாப் போட்டிருக்கிறான் என்றாள்.

"கடையில வாங்குனதா?"

"அவனே பண்ணது."

"அப்ப வந்து பாத்துத்தான் ஆகணும்," என்றான் டெல்மர்.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை காலை வந்தே விட்டான். வண்டியில் புதுக் கண்ணாடி, பக்கத்து இருக்கையில் கர்னல் என்ற கிழட்டு வேட்டை நாய். டிரெய்லரைச் சுற்றிவந்து, இடது மட்ஃபிளாப்பை பூட்ஸ் முனையால் தட்டினான்.

"ரப்பர்," என்றான்.

"கன்வேயர் பெல்ட்," என்றான் ஓரின்.

"கனமாத்தான் இருக்கு."

பதினோரு மாதத்துக்குப் பிறகு இருவரும் பேசியது இவ்வளவுதான். லூவானுக்கு இதுவே வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. டெல்மர் வருவான் என்றதும் அவள் டிரெய்லரில் ஏற்றாத சாமான் இல்லை. இரும்பு வாணலிகள் மூன்று, தகரடப்பா பீன்ஸ் இரண்டு பெட்டி, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட, அவனுக்குப் பிடித்த இனிப்புப் பலகாரம் இரண்டு. தண்ணீர்த் தொட்டியையும் கழுத்துவரை நிரப்பியிருந்தாள். ஓரின் அளவெடுத்ததோ காலி டிரெய்லரில். பாரம் ஏறினால் வண்டி இறங்கும் என்பது முப்பத்தொரு வருட நிபுணனுக்கு அந்த ஒரு நாள் மட்டும் மறந்துபோயிற்று.

தார் முடிந்து சரளை தொடங்கியதும் ஓரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். டெல்மர் ஒரு மைல் பின்னால் வந்துகொண்டிருந்தான். ஓரின் வேகத்தைக் குறைத்தான். டெல்மரும் குறைத்தான்.

"நம்பல," என்றான் ஓரின்.

"எதை நம்பணும்?" என்று கேட்டாள் லூவான். பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. காற்று என்றான். கொஞ்ச தூரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். அதற்கும் காற்று என்றான்.

வழியில் குறுக்கிட்ட மாட்டுப் பண்ணையின் கேட்டைத் திறக்க வண்டியை நிறுத்தினான். டெல்மர் வந்து நின்று, தன் பிக்கப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் துண்டை இழுத்துக் கீழே போட்டான். ஆங்கிள் இரும்போடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

"இது உன்னோடதா?"

"என்னோடதுதான்."

"நடு ரோட்டுல கெடந்துச்சு. கர்னல் பாம்புன்னு குலைச்சான்."

வலது பக்கத்து மட்ஃபிளாப் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, தேய்ந்து கிழிந்த விளிம்போடு. ஓரின் இரண்டையும் பார்த்தான். இரண்டு வாரம் பாடுபட்டுச் செய்த மன்னிப்பு, பாதி சாலையில் கிடந்திருக்கிறது. மறைந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு நீ கிட்ட வரல," என்றான் ரப்பரைப் பார்த்தபடி. "நான்தான் வேகமாப் போனேன். ஏரிக்கரையில நிழல் எடத்த எவனாவது புடிச்சிடுவான்னு. தப்பு என்னோடது, டெல்மர்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பின்னால வந்தவன் நான்தானே. நாப்பத்தஞ்சு மைல் வேகத்துல போனே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ சொல்வேன்னு இருந்தேன்."

"பதினோரு மாசமாவா?"

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பொறுமையா இருன்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்தா. வாராவாரம் போன் பண்ணி அழுவா."

ஓரின் திரும்பிப் பார்த்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவனுக்கு இது தெரியாது. அவள் கொட்டகைப் பக்கம் வந்து ஒருநாளும் அழுததில்லை. லூவான் அதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கியிருந்தாள். இருவரையும் தாண்டிப் போய் டெல்மரின் பிக்கப் கதவைத் திறந்தாள்.

"மிச்ச தூரம் நான் இவன்கூட வரேன்."

"கர்னல் உக்காந்திருக்கானே," என்றான் டெல்மர்.

"கர்னல் அவன்கூடப் போகட்டும்."

நாயைத் தூக்கி ஓரினின் வண்டியில் அவள் இருக்கையில் ஏற்றினார்கள். வலது மட்ஃபிளாப்பில் நாலு அங்குலத்தை டெல்மரே கத்தியால் வெட்டி எறிந்தான். கேட்டைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்கள்.

பக்கக் கண்ணாடியில் டெல்மரின் வண்டி நன்றாகவே தெரிந்தது. உள்ளே இரண்டு தலைகள். லூவான் இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் முழுக்க அவள் வீட்டில் அப்படிப் பேசி அவன் பார்க்கவில்லை. புழுதி எழுந்தால் அது மறைந்துவிடும் என்று ஓரின் வேகத்தை இருபதுக்குக் குறைத்தான். கொஞ்ச தூரம் போய்ப் பதினைந்துக்குக் குறைத்தான். இன்னும் இருபத்தெட்டு மைல் இருந்தது. கர்னல் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, இருக்கையில் சுருண்டு படுத்துக்கொண்டது.