அஞ்செட்டி முத்துக்குமார் அன்பளிப்பு

மேடையில் நிற்கிறவர்களுக்கு முன்வரிசைகூடச் சரியாகத் தெரியாது. விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். அதற்கு அப்பால் ஒரே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து இருமல் வரும், குழந்தை அழும், கடலைப் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்கும். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்பதை மைக்காரர் சொன்னால்தான் உண்டு. உத்தனப்பள்ளி சரிதாவுக்கு அந்த மைக்கின் மேல் அத்தனை ஆசை இருந்ததற்குக் காரணம் அதுதான்.

நம் பக்கத்து நாடகத்தில் வழக்கம் அப்படி. பார்க்க வந்தவர்கள் நடிகருக்குப் பணம் கொடுத்தால், கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லியாக வேண்டும். ராஜா கத்தியை உருவிக்கொண்டு எதிரியின் மேல் பாய்வார். பாய்கிற நேரம் பார்த்து மைக்காரர் குறுக்கே புகுந்துவிடுவார். "ராஜாவாக நடிக்கும் அன்புத் தம்பிக்கு, சூளகிரி தக்காளி மண்டி நண்பர்கள் சார்பாக அன்பளிப்பு!" ராஜா கத்தியோடு சேர்த்தே ஒரு கும்பிடு போடுவார். எதிரியும் மரியாதையாகக் காத்திருப்பான். பிறகு சண்டை தொடரும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

முத்துக்குமார் அஞ்செட்டிக்காரன். பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவனும் சரிதாவும் காண்ட்ராக்ட் வேலையில் எதிரெதிரே நின்றவர்கள். கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவும் செய்திருந்தார்கள். அவன் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "மேடை ஏறி ஆடற பொண்ணாப்பா?" அப்போது அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். குனிந்து தரையைப் பார்த்தான். காண்ட்ராக்ட் முடிந்ததும் மாட்டையும் நிலத்தையும் பார்க்கிறேனென்று காட்டோரத்து ஊருக்கே திரும்பிப் போய்விட்டான். கோழை என்று சரிதா அவனை எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். திட்டி முடித்த பிறகும் ஆசை அப்படியே இருந்தது. அதை என்ன செய்ய முடியும்?

அடுத்த வருஷம் மாரியம்மன் பண்டிகை நாடகத்தில் அவள் பாடிக்கொண்டிருந்தபோது மைக் கரகரத்தது. "சகோதரி சரிதாவுக்கு, அஞ்செட்டி முத்துக்குமார் அன்பளிப்பு!" மைக்காரருக்கு மேடையில் உள்ள பெண்கள் எல்லாரும் சகோதரிதான், அதற்காக அவரைக் குறை சொல்லக் கூடாது. சரிதாவுக்கு அடுத்த வரி மறந்துபோனது. ஆர்மோனியம் வாசிக்கும் மெஹபூப் பாஷா அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சமாளித்தார்.

அதன் பிறகு அவள் எங்கே நடித்தாலும் அந்தப் பெயர் வந்தது. அவன் மட்டும் மேடைக்குப் பின்னால் வந்ததே இல்லை. அரிதாரம் கலைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தால் கூட்டம் கலைந்திருக்கும். அஞ்செட்டிக்குக் கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும். தேன்கனிக்கோட்டை வரைக்கும் ஏதாவது வண்டி கிடைக்கும், அதற்கு மேல் யானை நடமாடுகிற காடு. எந்த பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து விடிய வைக்கிறானோ என்று நினைத்து அவள் படுத்திருப்பாள். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேள்வி. வீட்டில் கொண்டுவந்த வரன்களை அவளும் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் விஜயகுமார் வந்து சேர்ந்தார். ஓசூர்க்காரர், பெங்களூரில் நாடகம் படித்தவர், கெட்டிக்காரர். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக் கம்பெனிக்குப் போகும் பெண்களை வைத்து 'மூணாம் ஷிப்ட்' என்று ஒரு புது இசை நாடகம் எழுதியிருந்தார். பாட்டுகளைக் குறை சொல்லவே முடியாது, கேட்டால் கண் கலங்கும். முக்கியமான வேஷத்தைச் சரிதாவுக்கே கொடுத்தார். ஆர்மோனியத்தோடு மைக்கையும் பாஷாவிடம் ஒப்படைத்தார். எல்லாம் சரி, போஸ்டரில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி போட்டார் பாருங்கள்: 'இடையில் அன்பளிப்பு அறிவிப்பு எதுவும் கிடையாது.' அதைப் பெருமையாக நினைத்து, தலைப்புக்குச் சமமான எழுத்தில் போட்டிருந்தார்.

சரிதா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். ஆனால் என்னவென்று சொல்வாள்? ஒருவனுடைய பெயரைக் கேட்பதற்காகத்தான் நடிக்கிறேன் என்று டைரக்டரிடம் சொல்ல முடியுமா?

பாகலூர் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் முதல் காட்சி நடந்தது. பாதி நாற்காலி காலி. அவள் உயிரைக் கொடுத்துப் பாடினாள். இருட்டு கைதட்டிவிட்டு எழுந்து போனது. அவன் வந்தானா இல்லையா என்பது தெரியாமலே அன்றைக்கு அவள் வீடு திரும்பினாள். வரவில்லை என்று தெரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

அதே மாதம் சூளகிரியில் இன்னொரு குழு 'தங்கக் கொலுசு' என்று ஒரு புது நாடகம் போட்டிருந்தது. கொலுசு தொலையும், கிடைக்கும், மறுபடி தொலையும், அவ்வளவுதான் கதை. டிக்கெட் கிடைக்காமல் ஜனங்கள் திரும்பிப் போனார்கள். விஜயகுமாருக்குப் பொறுக்கவில்லை. சரிதாவையும் பாஷாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு தானே பார்க்கப் போனார்.

"லைட்டு நம்மளுது நல்லா இருக்குது. கதை நம்மளுது. பாட்டும் நம்மளுதுதான். அப்புறம் ஏன்?" என்று காட்சி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

சரிதா மேடையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் தோட்ட வேலைக்குப் போகும் அம்மா ஒருத்தி, மாரம்மா என்று பெயர், புருஷனை விலாவில் இடித்துக்கொண்டே இருந்தாள். "சொல்லுவாங்களாய்யா? பேரைச் சரியாத்தான சொன்ன?" மைக் கரகரத்து அவள் பெயரும் ஊரும் வந்தபோது அவள் எழுந்தே நின்றுவிட்டாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்து, பிறகுதான் உட்கார்ந்தாள். மேடையில் கொலுசு கிடைத்ததா இல்லையா என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வெளியே வந்ததும் சரிதா சொல்லிவிட்டாள். "சார், பாட்டுன்னா போன்லயே கேட்டுக்குவாங்க. இவங்க பேரை யாரு சார் சொல்றாங்க? கம்பெனில டோக்கன் நம்பரு. மண்டில ஏ அம்மான்னு கூப்புடுவாங்க. இங்க வந்தா ஊர் பேரோட, மைக்ல, நாலு பேரு கேக்கச் சொல்றாங்க. அதுக்குத்தான் டிக்கெட் எடுக்கறாங்க."

"அப்ப நாடகம் எதுக்கும்மா? வெறும் பேரையே படிச்சிட்டுப் போயிடலாமே?"

"அதுக்கு யாரும் வர மாட்டாங்க சார். நல்லா ஆடறவங்களுக்குக் குடுத்தாத்தான் குடுக்கறவங்களுக்கும் மரியாதை. ரெண்டும் வேணும்."

சொன்னதெல்லாம் நிஜம்தான். சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்தது. குழு பிழைக்க வேண்டும் என்று பேசுகிறோமா, அந்த ஒரு பெயருக்காகப் பேசுகிறோமா என்று வேனில் திரும்பும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொரு காட்சியும் இப்படியே காலியாகப் போனால் மண்டபம் கிடைக்காது, குழுவையும் கலைக்க வேண்டியதுதான். விஜயகுமார் இறங்கி வந்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மட்டும் அறிவிக்கலாம், பாட்டின் குறுக்கே வந்தால் தொலைத்துவிடுவேன் என்றார். சிவப்பு வரி இல்லாத போஸ்டர் பழையதன் மேல் ஒட்டப்பட்டது. பேர் சொல்லுகிறார்களாம் என்ற செய்தி போஸ்டருக்கு முன்னாலேயே ஊர் சுற்றி வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்து, பந்தி பெஞ்சுகளையும் இழுத்துப் போட்டார்கள். முதல் பாட்டு முடிந்ததும் பாஷா மைக்கைப் பிடித்தார். பாகலூர் ரோஜாத் தோட்டத்துப் பெண்கள், ஆனேக்கல் மஞ்சுநாத், சிப்காட் இரண்டாம் ஷிப்ட் நண்பர்கள் என்று பெயர்கள் கொட்டின. ஒவ்வொன்றுக்கும் சரிதா கும்பிட்டாள். "அஞ்செட்டி..." என்று பாஷா ஆரம்பித்தபோது அவள் ஓர் அடி முன்னால் வந்துவிட்டாள். "...பால் வண்டி நண்பர்கள் குழு!" என்று முடித்தார். அதற்கும் கும்பிட்டாள்.

இடைவேளையில் பொறுக்க முடியாமல் பாஷாவிடம் போனாள். "பாய், அஞ்செட்டிலேருந்து வேற யாராச்சும் பேரு குடுத்தாங்களா? முத்துக்குமார்னு?"

"அவரா? இன்னைக்கு வரலம்மா. மொத ஷோவுக்கு வந்தாரு."

"வந்தாரா?"

"வந்து, வழக்கம்போல என் பேரைச் சொல்லிடுங்க பாய்னாரு. சார்தான் கூடவே கூடாதுன்னுட்டாரே, நான் என்னா பண்ணட்டும்? அந்தம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கலீங்க, அவங்களே வேணாம்னுட்டாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். சாரைச் சொன்னா சண்டைக்கு வருவாங்க, உன்னைச் சொன்னா ஒருத்தரும் எதுத்துப் பேச மாட்டாங்க. எல்லார்கிட்டயும் அப்பிடித்தாம்மா சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சரிங்கன்னாரு. உக்காரக்கூட இல்ல, போயிட்டாரு."

பாஷா நல்ல மனிதர், அவரைக் கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அவனுக்கு இருந்த தைரியமே அவ்வளவுதான்: இருட்டில் உட்கார்ந்து இன்னொருவர் வாயால் தன் பெயரைச் சொல்லவைப்பது. அந்தக் கதவையும் அவள் பேரைச் சொல்லியே சாத்திவிட்டார்கள். சரிங்க என்றானாமே, அந்த ஒரு வார்த்தையை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

இரண்டாம் பாதிக்கு மணி அடித்தது. சரிதா தன் இடத்துக்குப் போகவில்லை. நேராக பாஷாவின் மைக்குக்குப் போனாள்.

"அஞ்செட்டி முத்துக்குமார் அவர்களுக்கு, உத்தனப்பள்ளி சரிதா அன்பளிப்பு. இப்பப் பாடப் போற பாட்டு."

மேடையில் இருப்பவர் கீழே இருப்பவருக்கு அன்பளிப்புக் கொடுத்து அங்கே ஒருத்தரும் பார்த்ததில்லை. அப்புறம் யாரோ விசில் அடித்தார்கள். ஓரத்தில் விஜயகுமார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவள் பாடினாள். அன்றைக்குப் பாடியதுபோல் அவள் அதற்கு முன்னால் பாடியதில்லை என்று பாஷா இன்றைக்கும் சொல்கிறார்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓய்ந்தது. வரமாட்டான், இங்கே இல்லாதவன் எப்படி வருவான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பால் வண்டிக்காரர்களில் ஒருவர்.

"யம்மா, அவரு வரலீங்க! கூப்புட்டோம், வேணாம்னுட்டாரு. நாங்க போயிச் சொல்லிடறோங்க!"

மண்டபம் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை.

"இன்னாங்க சொல்லணும்?"

சரிதா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் விளக்கு அடித்தது, யாரையும் தெரியவில்லை.

"அந்தம்மாவுக்குப் பிடிக்கும்னு சொல்லுங்க."