ஈரம் பட்ட பெட்டி

‘புழு’ என்ற சொல்லை மட்டும் மேடையில் சொல்லிவிடக் கூடாது என்று ஸ்லைடு சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனத்தில் அவர்தான் எங்கள் வழிகாட்டி. எதைக் கேட்டாலும் "அதுக்கு ஒரு ஸ்லைடு போட்டுடலாம்" என்பார். அதனால் நாங்கள் வைத்த பெயர்.

"புழுன்னு கேட்டதுமே மூஞ்சியச் சுளிப்பாங்க. உயிர்ப் புரதம்னு சொல்லுங்க."

"அது என்ன திங்குதுன்னு கேட்டா?" என்றேன்.

"கரிமப் பொருள்."

எச்சில் சாப்பாடு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைக்கடியில் என் நாத்தனார் என் காலை மிதித்தாள்.

நானும் அவளும் சேர்ந்து செய்கிற தொழில் இது. ஓட்டல்களில் மிஞ்சுவதை டிரம்மில் அள்ளிவந்து ஒருவகை ஈயின் புழுக்களுக்குப் போடுவோம். அவை தின்று கொழுத்ததும் காயவைத்துக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக விற்போம். அண்ணியும் நாத்தனாரும் அடித்துக்கொள்ளாமல் இருக்க உலகத்தில் ஒரே வழி புழு வளர்ப்பதுதான் என்பார் என் கணவர். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதையும் சொல்வார்.

கொட்டகைக்காரருக்கு அந்த நகைச்சுவையெல்லாம் கிடையாது. நாற்றம் தாங்கவில்லை, மாதக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்றுவிட்டார். வேறு யாரும் இடம் தரவில்லை. கதகதப்பும் தீனியும் இல்லாவிட்டால் மொத்தப் புழுவும் செத்துப்போகும், தொழிலும் அதோடு சரி. உணவுத் தொழில்நுட்பப் போட்டி ஒன்றை ஸ்லைடு சாரின் நிறுவனம் நடத்தியது. அதில் ஜெயித்தால் அவர்களுடைய பின்கட்டுக் கொட்டகை ஒரு வருடத்துக்கு எங்களுக்கு. அதற்காகத்தான் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போட்டியன்று காலையில் உணவு வீணாவதைப் பற்றி நடுவர்கள் உருகினார்கள். மத்தியானம் அதே ஆட்கள் தட்டு நிறைய வாங்கி, ஓரத்தில் கொறித்துவிட்டு, அப்படியே தொட்டியில் கவிழ்த்தார்கள். கடி படாத கேக்கெல்லாம் போனது. "மண்ணில் கை வைக்காதவனுக்கு உணவைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லை" என்று முழங்கிய தலைமை நடுவர், விரலில் ஒட்டிய கிரீமைத் துடைக்க ஒரு கொத்துக் காகிதத்தை உருவினார். எனக்குக் குமட்டியது. புழுவோடு புழங்கி ஒருநாளும் எனக்குக் குமட்டியதில்லை.

மேடையில் காட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி நிறையப் புழு கொண்டுவந்திருந்தோம். பெட்டியின் உள்சுவர் காய்ந்திருந்தால் புழுவுக்குப் பிடிமானம் கிடையாது. கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், விறுவிறுவென்று ஏறி வெளியே வந்துவிடும். அதனால் மூடியைத் திறக்குமுன் நாத்தனார் உள்ளே விரல் விட்டுத் தடவுவாள். "காஞ்சிருக்கு அண்ணி" என்பாள். அதைச் சொல்லாமல் அவள் ஒருநாளும் மூடியைத் திறந்ததில்லை.

அன்று ஸ்லைடு சார் ஏற்பாட்டில் அவளுக்கு முகப்பூச்சு, நகப்பூச்சு எல்லாம் நடந்தது. மேடை அலங்காரப் பெண்ணோ, நாற்றம் தெரியக்கூடாது என்று பெட்டிக்குள் வாசனைத் தண்ணீர் அடித்து வைத்திருக்கிறாள். அதை அவளே பிற்பாடு பெருமையாகச் சொன்னாள். நாத்தனார் மேடைக்குப் போனாள், பெட்டியை நடுவர் மேசைமேல் வைத்தாள், நகப்பூச்சு காயவில்லை என்று விரலை விடாமலே மூடியை எடுத்தாள், பேச ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் நடுவர் மேசையின் வெள்ளைத் துணியில் புழுக்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு அம்மாள் வீல் என்று கத்தினார். மண்ணில் கை வைக்கச் சொன்ன தலைமை நடுவர் நாற்காலிமேல் ஏறி நின்றார். நான் மேடைக்கு ஓடி, முழங்காலிட்டுக் கையால் அள்ள ஆரம்பித்தேன்.

"இதக் கையால தொடறீங்களே, உங்களுக்கே அருவருப்பா இல்லையாம்மா?" என்று நாற்காலி மேலிருந்தபடியே நாத்தனாரைக் கேட்டார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். என் கை நிறையப் புழு. பிறகு மைக்கைப் பார்த்தாள்.

"இருக்கு சார். ரொம்பவே இருக்கு. அதனாலதான் எல்லாத்தையும் மெஷினுக்கு மாத்தப் போறோம். எங்க அண்ணிதான் இன்னும் பழைய மாதிரி அள்ளிட்டிருக்காங்க."

அரங்கமே சிரித்தது. குனிந்தே இருந்ததால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

நேர்மையான பதில் என்று பாராட்டி எங்களுக்கே முதல் பரிசு கொடுத்தார்கள். மேடைக்குக் கீழே ஸ்லைடு சார் என் கையைக் குலுக்க வந்தார். கையைப் பார்த்ததும் கும்பிடோடு நிறுத்திக்கொண்டார்.

"கொட்டகைச் சாவி எப்ப தருவீங்க?" என்றேன்.

"அந்த எடத்த கார் நிறுத்த எடுத்துட்டாங்க. உங்களுக்கு மேல ஏசி ரூம்ல ரெண்டு சீட். ஒண்ணே ஒண்ணு, உயிரோட இருக்கறது எதையும் உள்ள கொண்டு வரக்கூடாது."

"அப்ப நாங்க?"

அவருக்குப் புரியவில்லை. நாத்தனாருக்குப் புரிந்தது. "மொதல்ல உள்ள போவோம் அண்ணி. அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் என் முகத்தைப் பார்க்காமல்.

அவர்களோடு நிற்கப் பிடிக்கவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் போனேன். மத்தியானச் சாப்பாடு இரண்டு டிரம் நிறையக் கிடந்தது, வெயிலில் புளித்து நுரைத்துக்கொண்டு. கொட்டகையில் புழுக்கள் பசியோடு இருக்கும். மாதக் கடைசி வரைக்குமாவது அவை தின்ன வேண்டும். டிரம்மை எப்போதும் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் வண்டியில் ஏற்றுவோம். ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வருவாள் என்றுதான் நினைத்தேன்.

வந்தாள். கழுத்தில் பதக்கம் தொங்கியது.

"போட்டோ எடுக்கக் கூப்பிடறாங்க அண்ணி. கையக் கழுவிட்டு வாங்க."

"இந்தப் பக்கம் பிடி. ஏத்திட்டு வரேன்."

ஒரு எட்டு எடுத்து வைத்தாள். காற்று அவள் பக்கம் திரும்பியது. நகப்பூச்சுப் போட்ட விரல்களால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

நான் டிரம்மைச் சாய்த்து, தனியாக உருட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தேன்.