தலைமடைக்காரன் சம்மதம்

கொல்லம் ஆண்டு 1126 ஐப்பசியில் எங்கள் குளத்துக் கமிட்டி மறுகாலை அடைப்பதென்று தீர்மானித்தது. மறுகால் என்பது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழி. அதை அடைத்தால் கரை உடையும் என்பது மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். கமிட்டியில் இருந்த பதினொரு பேருக்கும் தெரியும். ஆனால் அந்த மிச்சத் தண்ணீர் கீழூர்க்காரன் குளத்துக்கல்லவா போகிறது? அந்த வயிற்றெரிச்சலை எங்கே கொண்டு கொட்ட?

"ஒரு சொட்டு கீழூருக்குப் போவப்பிடாது. நம்ம கமிட்டியில இன்னைவரைக்கும் எதிர்ப்பேச்சு உண்டுமா வேய்?" என்றார் தலைவர் முத்துநாயகம்.

"கெடையாது, கெடையாது" என்றோம்.

ஓட்டு, கை தூக்கல் எல்லாம் எங்களுக்கு வழக்கமில்லை. வெற்றிலைத் தட்டு சுற்றி வரும், எடுத்தால் சம்மதம். முதலில் தலைமடைக்காரனுக்கு, அதாவது கரையை ஒட்டி வயல் உள்ளவனுக்கு நீட்டுவார்கள். அது நான், கோலப்பன். கரைக்கு நேர் கீழே ஒரு கோட்டை விதைப்பாடு வயல், நட்டு எட்டு நாள். எனக்கு வேறு நாதியில்லை.

தட்டு வந்தது, உடனே எடுக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். ஒரு முகத்திலும் சந்தேகமில்லை. பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர் நாராயணபெருமாள் பாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை பெரிய மனுஷருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிடுமா? வேண்டாமென்றால் கீழூருக்குக் கையாள் என்பார்கள். எடுத்தேன். பயம் தெரியக்கூடாதென்று சுண்ணாம்பைக் கொஞ்சம் தாராளமாகவே தடவினேன். நாக்கு வெந்துபோயிற்று. தட்டு ஒரு நிமிஷத்தில் சுற்றி முடிந்தது.

வீட்டில் தாணம்மாள் கேட்டாள். "அடைச்சா தண்ணி எங்க போவும்?"

"கமிட்டி முடிவுட்டி."

"கமிட்டிக்கா அங்க வயலு இருக்கு? நமக்குல்லா இருக்கு."

என் பெண்டாட்டிக்குக் கமிட்டி நடைமுறை தெரியாது. சோற்றைப் போடச் சொன்னேன்.

மறுநாளே மறுகாலை அடைத்தோம். நாலாம் நாள் மழை பிடித்தது. ஆறாம் நாள் காலையில் கரை உடைந்தது. என் நடவு இருந்த இடத்தில் இடுப்பளவு மணல். ஒரு சொட்டும் போகக்கூடாதென்ற கீழூருக்கு முழுக் குளமும் போயிற்று.

அன்று சாயங்காலமே கூடினோம். இசக்கியம்மனுக்குக் கொடைத் திருவிழா முடங்கினதால் வந்த கோபம் என்றார் நாராயணபெருமாள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அம்மனை ஏன் வேய் இழுக்கேரு? மறுகால அடைச்சதுனாலல்லா உடைஞ்சுது!"

"அது எங்களுக்குத் தெரியாதா?" முத்துநாயகம் கோபப்படவேயில்லை. "எனக்கு அன்னைக்கே மனசு ஒப்பல. உமக்கு முதல்ல தட்ட நீட்டுனதே நீரு தள்ளிவிடுவீருன்னுதான். போறது உம்ம வயலு. நீரே எடுத்துப் போட்டு மென்னீரு. பெறகு நாங்க என்னத்த நெனைக்க?"

"கோலப்பனுக்கே பயமில்லன்னா நமக்கென்னன்னுதான் நானும் எடுத்தேன்" என்றார் நாராயணபெருமாள்.

பத்துத் தலையும் ஆமென்று ஆடின. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். முதலில் எடுத்து மென்றது நான்தானே. அவர்கள் சொன்னது சத்தியம்.