செம்பியின் பின்னங்கால்

1

இந்தக் கதை எனக்கு ஒரு செத்தவீட்டில் கிடைத்தது. பந்தலின் கீழ் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றியிருந்த ஆம்பிளைகள் நேரம் போக்குவதற்காகப் பழைய பகிடிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று, வன்னியில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு குடியேற்றத் திட்டத்தில், நொண்டிக் குதிரையைக் குளக்கட்டில் உலாத்தக் கூட்டிப்போன ஒருத்தியைப் பற்றியது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களோடு கொழுவத்தான், சண்டை பிடிக்கத்தான், இதை எழுதுகிறேன். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் எழுதிய வரி இது: ‘அதிகாலைப் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குதிரையின் கனைப்பு—’

(வெட்டிவிட்டேன். கால் வீங்கி நிற்கிற சீவன் எதையும் கிழிக்காது. பேசாமல் நிற்கும்.)

2

அறுபதுகளின் தொடக்கம். இரஞ்சிதம் நெடுந்தீவுக்காரி. அந்தத் தீவில் குதிரைகள் ஆடுமாடு மாதிரித் திரியும். வட்டுக்கோட்டை ஏரம்புவைக் கலியாணம் முடித்து, அவருக்குக் காணி கிடைத்த இந்தக் காட்டோரத்துக்கு வந்தபோது, தான் குட்டியிலிருந்து வளர்த்த செம்மண்நிறப் பெட்டைக் குதிரையையும் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்தாள். பெயர் செம்பி. கட்டைக் குதிரைதான். ஆனால் மாரியில் வண்டில் புதைகிற பாதையெல்லாம் அது நெல்மூட்டையோடு போய்வந்தது.

* ஒரு பத்திரிகை ஆசிரியர் இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “வன்னியிலை ஆரிட்டைக் குதிரை? மாடாக்கித் தாங்கோ, போடுறன்.” ஆக்கமாட்டேன். மாட்டுக்கு இரங்க ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

3

ஒருநாள் யானை வந்து வேலியைப் பிய்த்தது. வெருண்டுபோன செம்பி முட்கம்பிக்கு மேலால் பாய்ந்தபோது கால் மாட்டிக்கொண்டது. பின்னங்கால் ஒன்று வாழைக்குற்றி மாதிரி வீங்கிவிட்டது.

மாட்டு டொக்டர் சைக்கிளில் வந்து காலைத் தடவிப் பார்த்தார்.

“எலும்பு முறியேல்லை. ஆனால் ஒரே இடத்திலை கட்டி வைச்சால் வீக்கம் இறங்காது. காலமையும் பின்னேரமும் ஓடுற தண்ணிக்கை நிப்பாட்டுங்கோ. பிறகு மட்டமான நிலத்திலை மெல்ல நடத்துங்கோ. காலை இழுக்கத் தொடங்கினால் உடனை நிப்பாட்டிப் போடவேணும்.”

“சுகம் வருமோ, டொக்டர்?”

“வரலாம். வராமலும் விடலாம்.”

ஓடுகிற தண்ணீர் என்றால் வாய்க்கால். மட்டமான நிலம் என்றால் குளக்கட்டு. இரண்டும் ஊர் கூடுகிற இடம். ஒரு பொம்பிளை, வேலை செய்யாத குதிரையை, ஊர் பார்க்க நடத்திக்கொண்டு போனாள். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை வீரகத்தி ஒருநாள் வந்து மறித்தார்.

“பிள்ளை, குதிரையை இதுக்கை இறக்கக் கூடாது. சனம் குளிக்கிற தண்ணி.”

“மாடு இறங்குதே, விதானையார்.”

“மாடு வேறை. மாடு உழும்.”

“போன போகம் நீங்கள் கால் சுளுக்கிப் படுத்திருந்தனியள். உழேல்லை. உங்களுக்கு ஆரும் தண்ணியை மறிச்சவையோ?”

வீரகத்தி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் குனிந்து, வீக்கத்தின் மேல் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டாள். விதானையார் திரும்பி வருகிறாரோ என்று இடைக்கிடை பார்த்தாள். பயத்தில்தான். எதிர்த்துக் கதைக்கிறவர்களுக்குப் பயம் இல்லை என்று யார் சொன்னது?

4

ஏரம்புவை எனக்கு எழுத வரவில்லை. முதற்பிரதியில் அவரைக் கெட்டவராக்கினேன். இரண்டாவதில், மனிசிக்குத் தெரியாமல் குதிரைக்குப் புல் வெட்டிப் போடுகிற—

இல்லை. இரண்டும் பொய். அவர் தமையன் தவராசாவுக்குப் பயந்தவர். மனிசிக்கும் பயந்தவர். இரண்டு பயத்துக்கும் நடுவில் பீடி பத்திக்கொண்டு இருந்தவர்.

தவராசா பயப்படுகிற ஆளில்லை. குடும்பம் ஊருக்குப் பகிடியாகிவிட்டது என்பது அவருடைய கவலை. ஒரு பின்னேரம் இரஞ்சிதம் வாய்க்காலால் செம்பியைக் கொண்டுவந்தபோது வீட்டு வேலிப் படலையடியில் லொறி நின்றது.

“பளையிலை சேர்க்கஸ் வந்து நிக்குது. குதிரையைக் கேட்டவை. ஏத்திவிடு,” என்றார் தவராசா.

“நொண்டிக் குதிரை அங்கை என்ன வித்தை காட்டும், அத்தான்?”

லொறிக்காரன்தான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: “அங்கை இறைச்சி தின்னுற மிருகங்கள் இருக்கு, அக்கா.”

இரஞ்சிதம் புருசனைப் பார்த்தாள். அவர் பீடியைப் பார்த்தார்.

“நான் இன்னும் நடத்தி முடியேல்லை,” என்றாள். படலைக்குள் போகாமல் கயிற்றைத் திருப்பிக் குளக்கட்டில் ஏறினாள். கட்டுக்கு மேல் லொறி ஏறாது.

நடந்தாள். கட்டின் அந்தத்துக்குப் போய்த் திரும்பினாள். லொறி நின்றது. மறுபடி போனாள், வந்தாள். லொறி நின்றது. செம்பி காலை இழுக்கத் தொடங்கியது. இனி நடத்தினால் அவளே அந்தக் காலைக் கெடுத்துவிடுவாள். வீட்டுக்குப் போனால் லொறி. மதகடியில் இறங்கி, செம்பியைத் தண்ணீரில் நிற்பாட்டி, சீலை நனைய நனையத் தானும் பக்கத்தில் நின்றாள்.

சகோதரங்கள் இரண்டுபேரும் கரைக்கு வந்தார்கள்.

“கயித்தைத் தா,” என்றார் தவராசா.

“இறங்கி வந்து எடுங்கோ, அத்தான். நான் கையை விடமாட்டன்.”

குளிக்க வந்த சனம் வாளியோடு பார்த்துக்கொண்டு நின்றது. தம்பி பெண்சாதியோடு தண்ணீருக்குள் நின்று இழுபறிப்பட அவரால் முடியாது. அப்போது ஏரம்பு வாயைத் திறந்தார்.

“அண்ணை, பொழுது படுது. லொறியை அனுப்பிவிடுவம்.”

அவ்வளவுதான். இதைப் பெருப்பித்து எழுத எனக்கு ஆசையாக இருந்தது. செய்யவில்லை. லொறி வெறுமையாகப் போனது. தவராசா அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

5

கால் சுகமாகியதா?

சுகமாகிச் செம்பி குட்டி போட்டதாக ஒரு முடிவு எழுதினேன். வீக்கம் புண்ணாகி மாரிக்கு முதலே செத்ததாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். உங்களை எனக்குத் தெரியும். குதிரை பிழைத்தால் அவள் செய்தது சரி என்பீர்கள். செத்தால், தவராசா சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்பீர்கள். அந்தத் தீர்ப்புக்கு இந்தக் குதிரையைத் தரமாட்டேன்.

முடிவு வேண்டுமானால் நீங்களே எழுதுங்கள். கால் வற்றட்டும், வீங்கட்டும், அது உங்கள் பாடு. ஆனால் எதை எழுதினாலும், அடுத்தநாள் காலமை இரஞ்சிதம் கயிற்றை அவிழ்த்து, எல்லாரும் பார்க்க, செம்பியை வாய்க்காலுக்குக் கொண்டுபோகவேண்டும். அந்த ஒரு வரியில் கைவைக்க உங்களையும் விடமாட்டேன்.