போட்டிக்கு யாரும் இல்லை

லாரித் தம்பி என்று அவனுக்குப் பெயர் வைத்ததே டெண்டர் அக்காதான். முதன்முதலில் அவன் அவளுடைய ஆபீஸ் படியேறி வந்தபோது அவனிடம் ஒரே ஒரு தண்ணீர் லாரிதான் இருந்தது. அதற்கும் ஒரு பக்கக் கண்ணாடி கிடையாது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமாக்கா?" என்று கேட்டான். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்குள் அதுவரை யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததில்லை. பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

அரசாங்க ஒப்பந்தங்களுக்கும் மானியங்களுக்கும் சின்னத் தொழில்காரர்களைத் தயார் செய்வதுதான் அவள் பிழைப்பு. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்கிறவர், சீருடை தைக்கிற பெண்கள், துடைப்பம் கட்டுகிறவர்கள் என்று வரிசையாக வருவார்கள். பெரிய கம்பெனிகள் ஒரு படையையே வைத்துச் செய்கிற வேலையை இவர்களுக்காக அவள் ஒருத்தி செய்தாள். பெரிய கை ஒன்றைத் தோற்கடித்துச் சின்ன ஆள் ஒருவன் ஜெயித்துவிட்டால் அன்று முழுக்க அவளுக்குப் பசியே தெரியாது.

லாரித் தம்பி கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டான். ஒருமுறை சொன்னால் போதும்.

"விலையை மட்டும் பார்க்காத தம்பி," என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். "எதிர்ல நிக்கிறது யாரு, அவங்களால எது முடியும், எது முடியாதுன்னு பாரு. டிராக்டர்ல தண்ணி ஊத்தறாரே, அந்த டிராக்டர்க்காரரை எடுத்துக்கோ. வீட்டுல பொண்ணு சின்னது. சாயங்காலம் ஸ்கூல் விட்டா அவருதான் போய்க் கூட்டிட்டு வரணும். அவரு சம்சாரம் தண்ணி ஏத்தற மோட்டாரை விட்டு நகர முடியாது. அந்நேரத்துக்கு அவங்க வண்டி ஓடாது. நீ என்ன எழுதற? எந்நேரம் கூப்பிட்டாலும் தண்ணி வரும்னு எழுதற."

டிராக்டர்க்காரரும் அவர் மனைவியும் ஒரு காலத்தில் அவளிடம் மோட்டார் மானியத்துக்கு வந்தவர்கள். அவர்கள் வீட்டு விஷயம் அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான். அதை இன்னொருவனிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நெஞ்சு உறுத்தியது. தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். லாரித் தம்பி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். "எந்த ஸ்கூல்க்கா?" என்று மட்டும் கேட்டான். அவளும் சொன்னாள்.

பள்ளிக்கூடங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒப்பந்தம் அவனுக்கே கிடைத்தது. போட்டியில் இருந்த மூன்று பேருமே கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார்கள். 'நம்ம விண்ணப்பத்தைப் பார்த்தே மிரண்டுட்டாங்க போல' என்று நினைத்து அவள் பூரித்துப்போனாள். அடுத்து மானியம் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு புது லாரிகள் வந்தன. அதற்கடுத்து பேருந்து நிலையம். அதிலும் போட்டிக்கு யாரும் இல்லை. அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் கொடுக்கும் பெரிய டெண்டர் அறிவித்த வாரம், மருந்துக் கடையில் டிராக்டர்க்காரர் மனைவியைப் பார்த்தாள்.

"என்னம்மா, ஆளையே காணோம்? ஆஸ்பத்திரி டெண்டர் போடலையா?"

அந்தப் பெண் மருந்துச் சீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "வேணாம்க்கா. விட்டுட்டோம்."

"ஏன்? யாராச்சும் மிரட்டினாங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லக்கா. அவரு ரொம்ப நல்ல மனுஷன்."

"யாரு?"

"உங்க லாரித் தம்பிதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஸ்கூல் தண்ணி டெண்டர் போட்டிருந்தப்ப ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் ஸ்கூலுக்குப் போறாரு, பொண்ணைக் காணோம். தெருத் தெருவா ஓடறாரு. நான் மோட்டாரைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடறேன். கடைசில பார்த்தா, பொண்ணு எங்க வீட்டு வாசல்லயே லாரி முன்சீட்டுல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டிருக்கா. 'நீங்க சிரமப்படக் கூடாதேன்னு நானே கூட்டிட்டு வந்தேன்'னாரு. சிரிச்சாருக்கா. டெண்டர்ங்கற வார்த்தையைக்கூட எடுக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தினமும் சாயங்காலம் ஸ்கூல் எதிர்ல லாரி நின்னுச்சு. நாங்க வாபஸ் வாங்கின அன்னிக்குத்தான் நிக்காம போச்சு."

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரை அவன் யாரிடம் கேட்டான் என்று டெண்டர் அக்கா அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

பின்வாங்கிய மற்ற இரண்டு பேருக்கும் போன் செய்தாள். ஒருவர் சொன்னார்: "தங்கமான பையன்மா. என் சம்சாரம் டயாலிசிஸ்க்குப் போறப்ப எனக்கு முன்னாடியே போய் வரிசையில உக்காந்திருந்தான்." இன்னொருவர், "நல்லவருங்க, நல்லவரு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தாள். போய் என்ன சொல்வது? குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான் என்றா?

இதற்குமேல் இவன் வேலையே வேண்டாம், கைகழுவிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். தெருமுனையிலேயே லாரி கண்ணில் பட்டது. தினமும் சாயங்காலம் தனியாக நடந்துவிட்டு வருகிற அவளுடைய மாமனார், லாரியின் முன்சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா! இந்தத் தம்பி என்னை ஊரெல்லாம் சுத்திக் காட்டுச்சு. லாரியில உசரமா உக்காந்து பார்த்தா எல்லாமே வேற மாதிரி தெரியுதும்மா."

லாரித் தம்பி இறங்கி வந்து, மாமனாரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டான். "ரொம்ப தூரம் நடக்கறாருக்கா. ரயில்வே கேட்டுப் பக்கமெல்லாம் போறாரு. வயசான காலத்துல தனியா விடாதீங்க. நான் இருக்கேன்ல?"

அவள் மாமனாரின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வேலை என்னாச்சுக்கா?"

"செஞ்சிட்டிருக்கேன் தம்பி."

செய்யத்தான் செய்தாள். வழக்கத்தைவிடக் கவனமாகவே செய்தாள். ஆனால் தண்ணீர்ப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்ட இடத்தில், இந்த வருடத்துச் சான்றிதழை மேஜைக்குள் போட்டுவிட்டுக் காலாவதியான பழையதை இணைத்தாள். அது ஒன்று போதும், விண்ணப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் வேண்டுமென்றே அவள் செய்த முதல் தவறு. அனுப்புகிற பட்டனை அழுத்தினாள்.

தள்ளிவிட்டார்கள். வேறு யாரும் போடாததால் டெண்டர் ரத்தானது. மறு அறிவிப்பு வரும் என்றார்கள்.

அன்று மத்தியானமே லாரித் தம்பி வந்தான். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். கோபத்தின் சாயல்கூட முகத்தில் இல்லை.

"தப்பு எல்லாருக்கும் வரும்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

அவன் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்தக் கனிவைத்தான் தாங்க முடியவில்லை.

"தப்பு இல்ல. வேணும்னேதான் செஞ்சேன்," என்றாள். "அந்தச் சின்னப் பொண்ணை நீ எதுக்குக் கூட்டிட்டுப் போன? எங்க மாமா பின்னாடி எதுக்குச் சுத்தற? இனிமே உன் வேலையை நான் தொடமாட்டேன். எழுந்து போ."

அவன் எழுந்திருக்கவில்லை. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் யாரையும் ஒரு வார்த்தை தப்பாப் பேசினது இல்லக்கா. உதவிதான் செஞ்சேன். எனக்கும் யாரும் இல்லாம இருந்தப்ப நீங்க உதவி செஞ்சீங்க இல்ல? அது மாதிரிதான்." அவன் முகத்தில் கள்ளம் தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. "நீங்க சொல்லிக்கொடுத்ததே எனக்கு ஆயுசுக்கும் போதும். மிச்சத்தை நானே பார்த்துக்கறேன்."

போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

அவள் டிராக்டர்க்காரர் வீட்டுக்குப் போனாள். இந்த முறை நான் கூட நிற்கிறேன், போடுங்கள் என்று சொல்லத்தான் போனாள். ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. மறு டெண்டரிலும் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்தது. ஒரு புள்ளிகூடப் பிசகாமல் அவனே தயார் செய்திருந்ததாக அரசாங்க ஆபீசில் சொல்லிச் சிரித்தார்கள். "உங்க சிஷ்யன்தானேம்மா? சும்மா சொல்லக் கூடாது, நல்லா வளர்த்திருக்கீங்க!" இரண்டாம் முறையும் ஒருவர்தான் என்றால் அவருக்கே கொடுத்துவிடலாமாம். கொடுத்துவிட்டார்கள்.

மாமனாரை அவள் தனியாக வெளியே விடுவதில்லை. லாரியில் போகக்கூடாது என்று சொன்னதிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. "நல்ல பையனைப் போய் இப்படி நினைக்கறியே," என்று கணவனும் அலுத்துக்கொண்டான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் பெஞ்சு செய்கிறவர் வந்தார். அவளிடம் முதன்முதலில் வேலை கொடுத்தவரே அவர்தான். புதுப் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கு பெஞ்சு கொடுக்கும் டெண்டருக்கு இருவருமாக மாதக்கணக்கில் தயார் செய்திருந்தார்கள். வந்தவர் உட்காரவில்லை.

"அது வேணாம்மா. விட்டுடலாம்."

"ஏன்? இதுக்காகத்தானே புது ஷெட்டே போட்டீங்க?"

"லாரித் தம்பி மரவேலையும் எடுக்கறாராம்." அவர் ஈரக் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நல்ல மனுஷன்மா. நேத்து எங்கம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தாரு."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"உக்காருங்க அண்ணே. தயவு செஞ்சு உக்காருங்க. நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து புகார் எழுதிக் கொடுப்போம். டிராக்டர்க்காரங்களையும் கூப்பிடறேன். நாலு பேரு வாயைத் திறந்தா..."

கீழே ஹாரன் ஒருமுறை அடித்தது. சின்னதாக, மரியாதையாக.

"மழையில எப்படிப் போவேன்னு அவரே கொண்டுவந்து விட்டாரும்மா," என்றார் பெஞ்சுக்காரர். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். லாரித் தம்பி குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பெஞ்சுக்காரர் நனையாதபடி அவர் தலைக்கு மேலே குடையை நீட்டி, கதவைத் திறந்து, ஏறுவதற்குத் தோளைக் கொடுத்தான். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான்.

"மழை வலுக்குதுக்கா," என்று கீழேயிருந்து கூப்பிட்டுச் சொன்னான். "நீங்களும் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்புங்க."