எட்டுக்கு மேல் வெட்டாதே

எங்கள் திசு வளர்ப்புக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதியிருப்பது அது ஒன்றுதான். வாழைக் குருத்தைக் குப்பிக்குள் வைத்து, கிளைக்க வைக்கும் ஹார்மோன் கலந்த கூழில் வளர்ப்போம். ஒன்று நான்காகும். நான்கையும் வெட்டிப் பிரித்துப் புதுக் குப்பிகளில் வைப்போம். இப்படி எட்டு முறைதான். அதற்கு மேல் போனால் நம்பிக்கையில்லை. கன்று பார்க்க லட்சணமாக இருக்கும். நட்டபின் குட்டையாகவே நின்றுவிடும், தார் வெளியே வரமுடியாமல் கழுத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு குப்பியிலும் எத்தனையாவது வெட்டு என்று எழுதி, பக்கத்தில் நம் பெயரின் முதல் எழுத்தையும் போட வேண்டும்.

நான் பதினொன்று வரை வெட்டினேன். எட்டு என்று எழுதினேன்.

எவெலியோ கேட்டான், அதனால்தான். அவன் என் புருஷனாக இருந்தவன். விட்டுப் போய் நான்கு வருஷம் ஆகிறது. புயல் அவன் வாழை முழுவதையும் சாய்த்த பிறகு, ஓலைத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்து வாசலில் வந்து நின்றான்.

"மே மழைக்குள்ள ஆயிரத்து இருநூறு கன்னு வேணும் இடால்மிஸ். உன்னால முடியும்."

மின்வெட்டில் பாதிக் குப்பிகள் பூசணம் பிடித்துக் கிடந்தன. முடியாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். "முடியும்" என்றேன். என் வாய் அப்படி.

கன்றுகள் வேர்விட்டு நிழல்வலைக்குக் கீழே தட்டு தட்டாக நின்றன. அவன் வர இரண்டு வாரம்கூட இல்லை. எனக்கோ உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போக என்று தெரியவில்லை. அவன் வயலில் குட்டைகள் நின்றால் ஒரு வருஷம் மண்ணாகிவிடும். ஊர் என்ன சொல்லும்? விட்டுப் போனவனைப் பழிதீர்த்துவிட்டாள் என்று கதை கட்டும். ஆசையில் செய்த காரியம் என்று சொன்னால் எந்த மடையன் நம்புவான்?

மூன்றாவது காப்பிக்குப் போனபோது எங்கள் தலைவி மிர்த்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, கால்ல எறும்பு கடிக்குதா?"

"ஜிப்பரெல்லின் கொஞ்சம் வேணும்."

நெட்டையாக இழுத்து வளர்க்கும் ஹார்மோன் அது. பட்டாணி அளவு தூளைக் குளிர்பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள்.

"எத்தனை வரைக்கும் வெட்டின?" எதற்கு என்றே கேட்கவில்லை.

"பதினொண்ணு."

மிர்த்தா எழுந்து போய்ச் சாவியை எடுத்தாள். "தெளி. நல்ல கன்னு நீளும், குட்டை நீளாது. பிரிச்சு முடிச்சதும் வெட்டுற கத்தியை எங்கிட்ட குடுத்துட்டுக் குப்பி கழுவப் போ." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தெளித்தேன். அன்று மாலையே பள்ளிக்கூட அளவுகோலை வைத்து அளக்க ஆரம்பித்தேன். ஒரே நாளில் எது வளரும்? தெரிந்தும் அளந்தேன். காலையில், சாப்பாட்டு நேரத்தில், மின்சாரம் போன ஒவ்வொரு தடவையும் அளந்தேன். தட்டிப் பொரித்த வாழைக்காயை மத்தியானம் யாரோ நீட்டினார்கள். என்னால் அதைப் பார்க்கவே முடியவில்லை. ஆறாம் நாள் முதல் தட்டில் சில கன்றுகள் மேலே எழும்பின. பக்கத்தில் இருந்தவை அசையவில்லை. பத்தாம் நாள் அளவுகோலே தேவைப்படவில்லை. எழுநூற்றுச் சொச்சம் நீண்டன. நானூறு நீளவில்லை. ஒரு நூறு மட்டும் இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் நின்றன.

எவெலியோ சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே டிராக்டரோடு வந்துவிட்டான். நான் ஏற்றி வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தான்.

"இவ்வளவுதானா?"

"எட்டோட நிறுத்தியிருக்கணும். பதினொண்ணு வரைக்கும் வெட்டிட்டு எட்டுன்னு எழுதிட்டேன். நானூறு குட்டை. தூக்கிப் போட்டாச்சு."

தொப்பியைக் கழற்றினான். "என்மேல இருந்த கோவத்திலயா?"

"கோவம்னா இப்படி ராப்பகலா உழைப்பேனாடா? உனக்கு முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ்வளவுதான்."

"எப்பவும் அப்படித்தானே. எதைக் கேட்டாலும் சரிம்ப. அப்புறம் மூணு நாள் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவ. உன்னோட எந்த சரி நிஜம்னு ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குப் புரியவே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான்.

நீண்டும் நீளாமலும் ஓரமாக நின்ற அந்த நூறைக் காட்டினான். "இதையாவது குடு. நட்டுப் பாக்கறேன். பாதி தேறாதா?"

பாதி தேறலாம். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன்.

"கிடையாது."

"என்னது?"

"கிடையாதுன்னா கிடையாது. ஏத்தினதை எடுத்துட்டுப் போ. மிச்ச இடத்தை உழுது போடு. அடுத்த மழைக்கு வா, நல்ல கன்னா தர மிர்த்தாகிட்ட சொல்றேன்."

"இது நிஜமா?"

"நிஜம்தான்."

"சரி, வரேன்" என்று தொப்பியை வைத்துக்கொண்டு டிராக்டரில் ஏறினான்.

வண்டி திருப்பத்தில் மறைந்ததும் அந்த நூறையும் நானே பிடுங்கி உரக்குழியில் போட்டேன். சில நல்ல கன்றுகளாகவே இருந்திருக்கும். அழுகை வந்தது, அழுதேன். பிறகு கத்தியை மிர்த்தாவிடம் கொடுத்துவிட்டுக் கழுவும் தொட்டிக்குப் போனேன். மேலாகக் கிடந்த குப்பியில் எட்டு என்று போட்டிருந்தது. பக்கத்தில் என் எழுத்து. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன். ஒரே தேய்ப்பில் போகவில்லை.