குதிகால் பதக்கம்

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணியிலிருந்து அக்காவின் கால் தரையில் படவில்லை. இடைவெளி ஐந்து விரற்கடை. அளந்தவள் தங்கை. அளவுகோலால் ஒரு முறை, நம்பாமல் விரல்களை அடுக்கி இன்னொரு முறை. இரண்டும் ஒத்துப்போயின.

அக்கா ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் தரை துடைப்பவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்கு ஏழு. அன்றிலிருந்து பதினைந்து வருடம் சோப்புத் தண்ணீரில் நின்று நின்று அவளுடைய குதிகால்கள் வெடித்துப்போயிருந்தன. ஊரில் எல்லோருக்கும் வருகிற பித்தவெடிப்பு இல்லை இது. கிளை, கிளைக்குள் கிளை, அதற்குள் மயிரிழை. கடையில் இருந்த களிம்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தோற்றுப்போயின. அவள் படுக்கையை விட்டு எழுந்து நடந்தால் போர்வையும் சமையலறை வரை கூடவே வந்தது. "உன் கால்ல பென்சில் சீவலாம்க்கா" என்பாள் தங்கை. "சீவிக்கோ. சீவுன பென்சில வெச்சு ஒழுங்கா படி" என்பாள் அக்கா.

தங்கை படித்தது கைவினைப் பள்ளியில், வெண்கலக் களிமண். வெண்கலப் பொடியைப் பசையும் தண்ணீரும் விட்டுப் பிசைந்தால் பழுப்பாக ஒரு மாவு வரும். இரண்டு பக்கமும் சீட்டுக்கட்டிலிருந்து நான்கு நான்கு சீட்டுகளை அடுக்கி, நடுவில் அதை வைத்து உருட்டினால் ஒரே கனத்தில் தகடாகும். எதன் மேல் அழுத்துகிறோமோ அதன் வரிகளை வாங்கிக்கொள்ளும். காயவைத்து, கரித்தூளில் புதைத்து, சூளையில் சுட்டால் பசை எரிந்துபோய் முழு வெண்கலம் மிஞ்சும். அழுத்துவதற்கு முன்னால் எண்ணெய் தடவ வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. தடவாவிட்டால் மாவு ஒட்டிக்கொண்டு, கொடுத்ததை மட்டும் எடுக்காமல் கொடுக்காததையும் எடுத்துவிடும்.

வியாழக்கிழமை போட்டி. வரியுள்ள பதக்கம் ஒன்று செய்ய வேண்டும். ஜெயிப்பவருக்கு அதே பள்ளியில் ஆசிரியை வேலை. அக்கா பதினைந்து வருடம் தண்ணீரில் நின்றது இந்த வேலைக்காகத்தான். வகுப்பில் பதினெட்டுப் பேர் இலையையும் மூன்று பேர் ஜன்னல் திரையின் பூப்பின்னலையும் அழுத்திவிட்டார்கள். தங்கைக்கு எதுவும் தேறவில்லை. வேலை முடிந்து வந்த அக்கா நாற்காலியில் சாய்ந்து ஸ்டூலில் காலை நீட்டியதும்தான் கண்ணெதிரே இருந்தது கண்ணில் பட்டது. "அக்கா, ரெண்டு குதிகாலுக்கும் நடுவுல இத வெச்சு அழுத்தேன்." அக்கா அழுத்தினாள். பிளாஸ்திரி உரிப்பதுபோல ஒரு சத்தத்தோடு தகடு வந்தது. ஒரு பக்கம் வலது, மறு பக்கம் இடது. தங்கை ஓரத்தை வழித்து, உறிஞ்சுகுழலால் சங்கிலிக்கு ஓட்டை போட்டு, விளக்கின் சூட்டில் காயவைத்தாள். எண்ணெய்ப் புட்டியின் மூடி திறக்கப்படவே இல்லை.

"ஏய், என் கால் கீழ வரமாட்டேங்குது."

"இருக்கா, ரெண்டு நிமிஷம்."

"கீழ வரலைன்னு சொல்றேன், ரெண்டு நிமிஷம்ங்கற!"

அக்காவின் குதிகால்கள் புதுப் பீங்கான் தட்டுப்போல் வழுவழுவென்று இருந்தன. வலியும் இல்லை. தங்கை புத்திசாலி. பதக்கத்தின் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி, நனைத்து, குதிகாலில் அப்பிப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு வெடிப்பு திரும்பி வந்தது. அக்கா ஒரு நூலளவு இறங்கினாள்.

"ஆங், அதான். முழுசையும் அப்பு."

"போட்டி முடியட்டும்க்கா. சுட்டு, காட்டிட்டு, அப்புறம் அப்பிக்கலாம்."

சுட்ட வெண்கலம் தண்ணீரில் இளகாது என்பது வகுப்பில் முதல் நாள் பாடம். அக்கா அந்த வகுப்புக்குக் கட்டணம் கட்டியவளே தவிர, அதில் உட்கார்ந்தவள் இல்லை. "சரி, பாத்து எடுத்துட்டுப் போ, உடைச்சிடாத" என்று கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி வழியனுப்பினாள்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் முதலை என்றார், ஒருவர் வறண்ட ஆறு என்றார், மூன்றாமவர் தேநீர் எப்போது என்றார். "ஆறுதான் சார்" என்றாள் தங்கை. முதல் பரிசும் வேலையும் கிடைத்தன. பதக்கம் பள்ளியின் கண்ணாடி அலமாரிக்குப் போனது. தங்கைக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை என்று தெருவே பேசியது. தெருவுக்கு வீடு சரி, ஆள்தான் தவறு.

அக்காவுக்கு வேலை ஒன்றும் கெடவில்லை. துடைப்பக் கட்டையைத் துடுப்பாக ஊன்றி ஏழு மாடியையும் முன்பைவிடச் சீக்கிரமாகத் துடைத்தாள். ஈரத்தில் காலடித் தடம் விழாததைக் கண்ட மேற்பார்வையாளர், மற்றவர்களும் இம்முறையைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தையல்காரர் சீருடைப் பேன்ட்டின் நுனியை ஐந்து விரற்கடை இறக்கிக் கொடுத்தார். தங்கையின் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில், அக்கா கொஞ்சம் உயரம் என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தது. புகைப்படக்காரர் படத்தில் அவளுக்குக் கீழே மட்டும் தரையை உயர்த்தி வரைந்து தந்தார். வரையச் சொன்னது யார் என்று கேட்டாள் அக்கா. தெரிந்த பிறகு பதினோரு வருடம் தங்கையோடு பேசவில்லை.

பதினோராம் வருடம் பள்ளிக்குப் புது முதல்வர் வந்தார். விளையாட்டுக் கேடயங்களுக்கு இடம் போதவில்லை என்று கண்ணாடி அலமாரியைக் காலிசெய்யச் சொன்னார். பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தங்கை வந்தாள். வாசலிலேயே அக்காவின் காலில் விழுந்தாள். கால் இருந்த உயரத்துக்கு அவ்வளவாகக் குனிய வேண்டியிருக்கவில்லை.

"எழுந்திரு, முட்டி வலிக்கப்போகுது" என்றாள் அக்கா. பதினோரு வருடத்தில் அதுதான் முதல் வார்த்தை.

"இந்த டாலரக் கழுத்துல போட்டுப் பாருக்கா."

போட்டாள். ஒரு விரற்கடை இறங்கினாள். இரண்டு, மூன்று, நான்கு. பழைய வலி குதிகாலுக்குள் வீடு திரும்பியவளைப்போல வந்து உட்கார்ந்தது. பிறகு இறக்கம் நின்றுவிட்டது. தேநீர் ஆறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். தங்கை மண்டியிட்டு, அக்காவின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் சுட்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கே."

"சூளையில சுருங்கும்க்கா. அஞ்சுல ஒரு பங்கு போயிடும்."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

தங்கை விரலை வெளியே எடுக்கவில்லை. "மொத நாள் பாடம்."

"அப்ப நானும் ஒரே ஒரு நாள் வந்து உக்காந்திருக்கலாம்" என்றாள் அக்கா.

மறுநாள் சீருடைப் பேன்ட்டைத் தையல்காரரிடம் கொடுத்து நான்கு விரற்கடை மடித்துத் தைக்கச் சொன்னாள்.

"அஞ்சாவே மடிச்சிடறேனே, பழைய அளவு வந்துடும்."

"நாலு போதும்" என்றாள் அக்கா. அவர் நான்குக்குக் கோடு போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.